அப்பாவு தோட்டத்தில் கடல்

1

இந்தக் கதையை நான் ஒரு கல்யாண வீட்டில் பாதி கேட்டேன். மீதியைக் கேட்பதற்குள் பந்தி போட்டுவிட்டார்கள்.

ஈப்போவில், எண்பத்து நான்காம் வருஷம். மண்டப வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் பெண் வீட்டாரா மாப்பிள்ளை வீட்டாரா என்று தெரியாது. பேச்சு டுரியான் பழத்தின் விலையில் ஆரம்பித்து டுரியான் திருட்டுக்கு வந்தது. "பீடோர் உள்பக்கம் நம்மாளு ஒருத்தர் தோட்டத்துல திருட வந்தவன் வெளிய போவ முடியாம மாட்டிக்கிட்டான், தெரியுமா? பாகார் போட்டிருந்தாருலா" என்றார். பாகார் என்றால் வேலி. ஆனால் அவர் சொன்னது கம்பி வேலி இல்லை, மந்திரம் ஓதிப் போடும் கட்டு.

"அப்புறம்?" என்றேன்.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து "எலை போட்டாச்சு" என்று குரல் வந்தது. மனிதர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. பந்தியில் பாயசம் வரைக்கும் அவரைத் தேடினேன். கிடைக்கவில்லை.

ஆகவே எனக்குக் கிடைத்தது ஒரு தோட்டம், ஒரு கட்டு, மாட்டிக்கொண்ட ஒருவன், இவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன் என்று சத்தியம் செய்கிற எழுத்தாளர்களை நான் நம்புவதில்லை. நீங்களும் நம்ப வேண்டாம்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "மலைத்தொடரின் மடியில், பனிமூட்டம் கலையாத காலைப் பொழுதில், பச்சைக் கம்பளம் விரித்தாற்போல்..."

அடித்துவிட்டேன். கதையின் ஆள் அப்பாவு லாரி ஓட்டுபவர். லாரி ஓட்டுபவர் சாலையைப் பார்ப்பார், மலையைப் பார்த்தால் பள்ளத்தில் கிடப்பார்.

இரண்டாவது: "வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர் எஸ்டேட்டுகளைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது, நடுத்தெருவுக்கு வந்த பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்களின்..."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த வாக்கியத்துக்குள் அப்பாவுவை நுழைக்க இடம் கிடைக்கவில்லை, பல்லாயிரம் பேர் ஏற்கெனவே நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

மூன்றாவது தொடக்கம் பரவாயில்லை. அதிலேயே போகிறேன்.

3

அப்பாவு தம் தோட்டத்துக்குப் போட்ட முதல் வேலியைத் திருடர்கள் திருடிக்கொண்டு போனார்கள். புது முள்கம்பி. அந்த வருஷம் டுரியான் சரியாகக் காய்க்கவில்லை. வந்ததற்கு வெறுங்கையோடு போவானேன் என்று கம்பியைச் சுருட்டிக்கொண்டார்கள்.

அவர் மனைவி வீரம்மாவோடு பீடோர் டவுனில் வாடகை வீட்டில் இருந்தார். வெட்டுமரம் ஏற்றும் லாரி. பிள்ளைகள் இல்லை. அவர் பிறந்து வளர்ந்த எஸ்டேட்டைக் கூறு போட்டு விற்றபோது, யாரும் சீந்தாத ஒரு மூலை அவருக்கு மலிவாக வந்தது. ஓடைக்கு அப்பால், மலையடிவாரத்தில், கித்தா என்கிற ரப்பர் வைத்தால் பால் சுமந்து இறங்க முடியாத சரிவு. ஆனால் பழைய டுரியான் மரங்கள் நின்றன. அவர் பரம்பரையில் நிலம் என்று ஒன்று யாருக்கும் இருந்ததில்லை. கையெழுத்துப் போட்ட அன்று தனியாக அங்கே போய் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். [இதை வீரம்மாகூடப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். எழுதுகிறவனுக்கு அந்தச் சலுகை உண்டு.]

டுரியானில் ஒரு வம்பு இருக்கிறது. அதைப் பறிக்க மாட்டார்கள். பழுத்துத் தானே விழ வேண்டும், விழுவது பெரும்பாலும் ராத்திரியில். விழும்போது மரத்தடியில் யார் இருக்கிறாரோ அவருக்குத்தான் பழம். சீசன் நேரத்தில் அப்பாவு லாரியோடு சிம்பாங் பூலாய்க்கும் ஈப்போவுக்கும் ஓடிக்கொண்டிருப்பார். பழத்துக்கு அது தெரியாது. திருடர்களுக்குத் தெரியும்.

அடுத்து ஒரு கறுப்பு நாய் கொண்டுபோய்க் கட்டினார். திருடர்கள் அதற்குக் கருவாடு போட்டார்கள். சீசன் முடிந்து அவர்கள் ஊர் திரும்பியபோது நாயும் கூடவே போய்விட்டது. அதன்பிறகு நாலு மொழியில் "நுழையாதே" என்று எழுதி மண்டையோடு வரைந்து ஒரு பலகை வைத்தார். நல்ல மெராந்தி மரப் பலகை. அடுத்த மாதம் அது ஓடைக்கு இந்தப் பக்கம் யாருடைய கோழிக் கூண்டுக்கோ கதவாகியிருந்தது. மண்டையோடு கோழிகளுக்குக் காவல் இருந்தது.

4

எழுபத்து மூன்றாம் வருஷம், சீசனுக்கு முன்னால், அப்பாவு ஒரு போமோவைத் தேடிப் போனார். போமோ என்றால் மலாய்க்கார மந்திரவாதி. பழத்தோட்டங்களுக்குப் பாகார் போடுவதில் பேர் போன கிழவர். அவர் வீட்டில் இல்லை. பேத்தி கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், எப்போது வருவார் என்று தெரியாது என்றார்கள். அப்பாவு வாசல் மரத்தடியில் காத்திருந்தார். காத்திருக்கும்போது மனிதனுக்கு யோசனை வருவது இயற்கை. கட்டு பலிப்பது திருடன் நம்புவதால்தானே, அவனை நம்பவைக்கப் போமோ எதற்கு என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

வீட்டுக்கு வந்து வீரம்மாவின் கிழிந்த சிவப்பு ரவிக்கையை வாங்கினார். காலி சாஸ் போத்தல்களில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, வாயில் எலுமிச்சம்பழம் செருகி, கழுத்தில் சிவப்புத் துணியைச் சுற்றித் தோட்டத்தின் மூலைக்கு மூலை கம்பம் நட்டுத் தொங்கவிட்டார். அது வெறும் அட்டைப்படம். கதையை அவர் நாகூர் மீரான் கோப்பிக் கடையில்தான் எழுதினார்.

பீடோர் டவுனில் அந்தக் கடைக்கு வராத தமிழர் இல்லை. அங்கே ஊர்வாய் என்று பேரெடுத்த பிச்சைமுத்து ஒருநாள் கேட்டார்.

"என்னாண்ணே, தோட்டத்துல என்னமோ போத்தல் தொங்குதாமே?"

"ஒண்ணுமில்லலா. கொசுவுக்கு."

"கொசுவுக்கா?"

"விடு. நீ கேக்கவும் வேணாம், நான் சொன்னேன்னு வெளிய சொல்லவும் வேணாம்."

சொல்லியது இவ்வளவே. மறுநாள் பீடோரே பேசியது. என் கதைகளில் ஒன்றுக்காவது இந்த வேகம் வாய்த்திருந்தால் நான் ஏன் கல்யாண வீட்டு வாசலில் கதை பொறுக்கிக்கொண்டிருக்கப் போகிறேன்?

பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தார். கட்டுக்குள் கேளாமல் நுழைந்தவனுக்கு நாலு பக்கமும் கடல் தெரியும். தோட்டக்காரன் ஓடைக்கரையில் நின்று, பேர் சொல்லி, மனசாரப் "போ" என்றால்தான் கடல் வற்றும்.* பலவந்தமாக இழுத்துக்கொண்டு போனால் ரத்தம் கக்கிச் சாவான். அதோடு நிறுத்தியிருக்கலாம். மீரான் "பாவம்லா, மனுசந்தானே" என்று முகம் சுளித்ததைப் பார்த்து, கதையில் கொஞ்சம் கருணையும் இருக்கட்டும் என்று இன்னொன்று சேர்த்தார். மாட்டியவனைப் பட்டினி போடக் கூடாது, அவன் வயிறு காய்ந்தால் மரம் காய்ந்துவிடும்.

இந்தக் கடைசி வரிக்காக அவர் பட்ட பாடுதான் மிச்சக் கதை.

* "மனசார" என்ற சொல் அப்பாவு சொன்னதல்ல. கடையில் யாரோ சேர்த்தது. வெளியே விட்ட கதைக்கு யார் வேண்டுமானாலும் சோறூட்டலாம்.

5

ஜூன் மாதம், பழம் விழத் தொடங்கிய வாரம். காலையில் அப்பாவு மோட்டார் சைக்கிளை ஓடைக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டுத் தண்ணீரில் இறங்கித் தோட்டத்துக்குள் ஏறினார். பெரிய மரத்தடியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் குனிச் சாக்கு நிறையப் பழம்.

"வாங்கண்ணே" என்றான் அவன். "எவ்வளவு நேரமாக் காத்திருக்கேன்."

"யார்ரா நீ?"

"சன்னாசிண்ணே. திருட வந்தேன். மாட்டிக்கிட்டேன்."

அப்பாவு கையில் கிடைத்த கட்டையை எடுத்தார். அவன் அசையவில்லை.

"போடா வெளிய!"

சன்னாசி பணிவாக எழுந்து ஓடை வரை நடந்தான். கரையில் நின்று எட்டிப் பார்த்தான். திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தான்.

"முடியலண்ணே. தண்ணியா இருக்கு."

"ஓடைன்னா தண்ணியா இல்லாம பாலா ஓடும்?"

"கடலுண்ணே. நீங்க மனசாரச் சொல்லல. நீங்க என்னயத் தொரத்துறீங்க. தொரத்துறது வேற, விடுறது வேறதானே?"

கட்டு பொய் என்று அவருக்குத் தெரியும். இவனுக்கும் தெரியுமோ என்று சந்தேகம் வந்தது. முகத்தைப் பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை. "டேய், இதெல்லாம் சும்மாடா" என்று ஒரு வார்த்தை சொன்னால் இவன் போய்விடுவான். போய் மீரான் கடையில் ஒரு கோப்பி குடித்துக்கொண்டே அதைச் சொல்லுவான். அன்று சாயங்காலம் பீடோர் முழுக்கச் சாக்கோடு வந்து நிற்கும். அடித்து இழுத்துப் போட்டால், அவன் ரத்தம் கக்காமல் எழுந்து நடப்பான். அதுவும் அதே கதிதான்.

கட்டையைக் கீழே போட்டார்.

"சாப்ட்டியா?" என்று கேட்டார். வேறு என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

6

[நிலம் வைத்திருப்பவரை "அவர்" என்றும் இல்லாதவனை "அவன்" என்றும் எழுதிக்கொண்டு போகிறேன் என்பது இப்போதுதான் கண்ணில் படுகிறது. திருத்தவில்லை. ஊர் அப்படித்தான் பேசியது, என் பேனாவும் அந்த ஊர்தான்.]

சன்னாசி யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதே எஸ்டேட்டில் பால் வெட்டியவன். குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை, பேச்சில் செவப்பு ஐசி. அறுபத்தொன்பது கலவரத்துக்குப் பிறகு சிவப்பு அட்டைக்காரர்களுக்கு வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று வந்தபோது வேலை போனது, எஸ்டேட் லயத்தை இடித்தபோது வீடு போனது. அண்ணன் குடும்பம் பெனாங்கில் கப்பலேறி, பார்த்தேயிராத இந்தியாவுக்குப் போய்விட்டது. இவன் ஏறவில்லை. பீடோர்க் கடைகளின் முன்னால் ஐந்தடி நடைபாதையில் படுத்துக்கொண்டு கிடைத்த வேலையைச் செய்தான், கிடைக்காதபோது திருடினான்.

செய்தி டவுனுக்குப் போனது. ஜனங்கள் ஓடைக்கரையில் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கவில்லை. சன்னாசி தோட்டத்துப் பக்கம் நின்று கைகாட்டினான். "கடல் எம்புட்டு ஆழம்டா?" என்று கத்திக் கேட்டார்கள். மீரான் கடையில் அப்பாவுக்குக் கோப்பி இலவசம் என்றார்கள். பிச்சைமுத்து "நம்ம அண்ணன் கட்டுன்னா கட்டுதான்" என்று மார்தட்டினார்.

"சோறு போடுறீங்கல்ல?" என்று மீரான் மட்டும் விடாமல் கேட்டார்.

வீரம்மா தூக்குச் சட்டியில் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொடுத்தனுப்பினாள். அந்த சீசனில் ஒரு பழம் தொலையவில்லை. விழுந்த பழத்தையெல்லாம் சன்னாசி பொறுக்கி அடுக்கி வைத்தான். அத்தாப்பு ஓலையில் ஒரு குடிசை போட்டுக்கொண்டான். அப்பாவுக்கு முதல் முறையாகத் தோட்டத்திலிருந்து வருமானம் வந்தது. சம்பளமில்லாக் காவல்காரன், அதுவும் ஓடிப்போக முடியாதவன். திருடனைப் பிடிக்கப் போட்ட கதை, திருடனையே வேலியாக்கிவிட்டது.

ஒருநாள் மழைக்கு ஒதுங்கி இருவரும் குடிசைக்குள் இருந்தபோது அப்பாவு மெதுவாகக் கேட்டார்.

"நம்ம ரெண்டு பேருதான் இருக்கோம். நெசத்தச் சொல்லு. கடல்னு சொல்றியே, அது எப்படித் தெரியுது?"

சன்னாசி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெனாங்குல அண்ணன் புள்ளைங்கள ஏத்தி விட்டப்ப ஒருதரம் பார்த்தேண்ணே. சின்னவன் மேலருந்து கைகாட்டிக்கிட்டே இருந்தான். எம்மாந்தூரம் போயும் அந்தக் கை தெரிஞ்ச மாதிரியே இருந்திச்சு. கண்ண மூடினா அதான் தெரியும். தொறந்தாலும் அதான்."

அப்பாவுக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததே எரிச்சலாகவும் இருந்தது. அதற்குப்பின் அவர் கடலைப் பற்றி விசாரிக்கவில்லை.

7

இந்த இடம் வரை எழுதி, ஈப்போவில் பள்ளி ஆசிரியராக இருக்கும் என் நண்பர் ஜெயபாலனிடம் கொடுத்தேன். அவர் சிவப்புப் பேனா இல்லாமல் எதையும் படிக்க மாட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பெரிய ஆபத்து ஒண்ணும் இல்லியே. ஒருத்தருக்குக் காவல், ஒருத்தனுக்குச் சோறு. ரெண்டு பேருக்கும் லாபம். கதை எங்க?"

அவர் சொன்னது எனக்குக் கோபத்தைக் கொடுத்தது, ஏனென்றால் அது சரி. ஆகவே தீபாவளி கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருளாயியைப் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்தேன்.

இருளாயி அதே லயத்தில் சன்னாசிக்குப் பக்கத்து வீட்டுக்காரி. புருஷன் செத்துப் பல வருஷம். குடியுரிமைக்கான நீல அட்டை இருந்ததால் ஆயர் தாவார் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை கிடைத்துப் போனவள். அவள் ஓடைக்கரையில் நின்று, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தண்ணீர் காலில் படாமல் ஓர் அடி தள்ளியே நின்று கத்தினாள்.

"சன்னாசி! மண்டோருகிட்டப் பேசிட்டேன்! ஆளு வேணுமாம்! செவப்பு ஐசின்னாலும் பெர்மிட் அவங்களே எடுத்துக் குடுப்பாங்களாம்!"

"வீடு?" என்று சன்னாசி தோட்டத்திலிருந்து கத்தினான்.

இருளாயி திரும்பிப் பார்த்தாள். அவளைச் சுற்றி வேடிக்கை பார்க்கிறவர்கள் நின்றார்கள்.

"என் வீட்டுல ஒரு பக்கம் சும்மாத்தான் கெடக்கு!"

கரையில் சிரித்தார்கள். சன்னாசி சிரிக்கவில்லை. வேலை, பெர்மிட், கூரை, இருளாயி, நாலும் ஒரே வாயால் வந்து சேர்ந்திருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆள் வர வேண்டும், இல்லாவிட்டால் தோட்டத்து மேஸ்திரியான மண்டோர் வேறு ஆளை எடுத்துக்கொள்வாராம்.

அன்று சாயங்காலம் அப்பாவு வந்தபோது அவன் கை கட்டி நின்றான்.

"அண்ணே, விட்டுருங்க."

"என்னா அவசரம்? ஆண்டுக் கடைசிக் காய்ப்பு மரத்துல நிக்குது. அது முடியட்டும்."

"அதுக்குள்ள வேல போயிரும்ண்ணே."

"மனசாரச் சொல்லணும்னு நீதானே சொன்ன? எனக்கு மனசு வரலயே, நான் என்னா செய்ய?" அப்பாவு பழச் சாக்கைக் கட்டியபடியே சொன்னார். "நீயா ஓடிப் போனேன்னு வச்சுக்க, திருடன் ஓடிட்டான்னு பாலாய் போலீஸ்ல எழுதி வச்சிருவேன். செவப்பு ஐசிய வச்சுக்கிட்டு எங்க போயி நிப்ப?"

சொன்னபிறகு அப்பாவுக்கே தம் குரல் பிடிக்கவில்லை. அது பழைய எஸ்டேட் கங்காணி ஒருவனின் குரலாக இருந்தது. ஆனாலும் சொன்னதை எடுத்துக்கொள்ளவில்லை.

8

ஜெயபாலன் மறுபடியும்: "சன்னாசி ஏன் பேசாம நடந்து போயிடல? கட்டு பொய்னு அவனுக்குத்தான் தெரியுமே?"

தெரியுமா என்று எனக்கே தெரியவில்லை. வீரம்மாவை அனுப்பிக் கேட்கச் சொன்னேன். அவள் மறுநாள் மத்தியானம் சோற்றுச் சட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போனாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"இந்தா பாரு, போத்தல்ல சுத்தியிருக்கிறது என்னோட பழைய ரவிக்க. போமோ வீட்டுத் திண்ணையக்கூட எங்க வீட்டு ஆளு மிதிக்கல. நீ போ."

சன்னாசி கை கழுவிக்கொண்டே சொன்னான். "தெரியும்க்கா. வந்த அன்னிக்கே பாத்தேன், ரவிக்க ஊக்கு ஒண்ணு துணியோடயே இருந்திச்சு."

"அப்ப ஏன்டா ஒக்காந்திருக்க?"

"போறதுக்கு எடமில்ல, இருந்தேன். சோறும் கெடைச்சுது." தட்டைக் கவிழ்த்து வைத்தான். "இப்ப எடம் இருக்கு. ஆனா அண்ணன் வாயால சொல்லாமப் போனா நான் ஓடிப்போன திருடன்க்கா. மண்டோரு திருடனுக்குப் பெர்மிட் எடுப்பாரா? இருளாயி வீட்டுல திருடன்னு பேரோட போயி ஒக்காரவா? நாலு பேரு முன்னால அவரு விட்டாருன்னா, நான் விடுபட்டவன். அது வேற."

வீரம்மாவுக்கு அழுகை வந்தது. அழுததைக் காட்டிக்கொள்ளாமல் சட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, புருஷனிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

9

முடிவுகளைப் பார்க்கலாம்.

முடிவு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை அப்பாவு மனம் இளகி, கண்ணில் நீர் மல்க, "போடா தம்பி, போய் நல்லா இரு" என்று...

இந்த அப்பாவுவை எனக்குத் தெரியாது. எங்கிருந்து வந்தார் என்றும் தெரியவில்லை. அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு. ஆண்டு இறுதி மழையில் ஓடை பெருக்கெடுத்து, குடிசை சரிந்து, சன்னாசி அந்த வெள்ளத்தில்...

வேண்டாம். ஏழையைக் கொன்றால் கதை கனமாகும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கனத்துக்காக ஆளைக் கொல்ல நான் கசாப்புக் கடை வைத்திருக்கவில்லை.

முடிவு மூன்று. வீரம்மா ஊரார் முன்னால் உண்மையைச் சொல்கிறாள், பொய் உடைகிறது, சன்னாசி தலை நிமிர்ந்து நடக்கிறான். இதுதான் சரி என்று நம்பி உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஓடைக்கு டவுன் பக்கம் பாதி பீடோர் நின்றது. எஸ்டேட் போனபின் ஐந்தடியிலும் சந்தைக் கொட்டகையிலும் படுத்துக் கிடப்பவர்கள் முன்வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு ஞாயிறும் திங்களும் ஒன்றுதான். இருளாயி கையில் பை, காலில் செருப்போடு நின்றாள். தோட்டத்துப் பக்கம் சன்னாசி, துவைத்த சட்டையில். நடுவில், தோட்டத்துக் கரை மேட்டில், அப்பாவு. வீரம்மா சோற்றுச் சட்டியோடு அவர் பக்கத்தில்.

"சொல்லுங்கண்ணே, வெயில் ஏறுது" என்று பிச்சைமுத்து கத்தினார்.

அப்பாவு மரங்களைத் திரும்பிப் பார்த்தார். காய்கள் தொங்கின. கிளை நிறையக் காய்த்திருந்தது அந்த வருஷம். அவர் வாயைத் திறக்கவில்லை.

வீரம்மா சட்டியைக் கீழே வைத்தாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. கட்டுமில்ல, ஒண்ணுமில்ல. போத்தல்ல இருக்கிறது என் ரவிக்கத் துணி. மஞ்சத் தண்ணி நான் கரைச்சது. இவரு சும்மா சொன்ன கத. அந்த ஆளு திருடனுமில்ல, இத்தன மாசமாக் காவல் காத்திருக்கான்."

மீரான்தான் முதலில் பேசினார், மிகுந்த பிரியத்தோடு.

"அக்கா, ஒங்க மனசு எனக்குத் தெரியும். அவனக் காப்பாத்த நீங்க இப்படிப் பொய் சொல்றீங்க."

"பொய்யில்ல மீரான்."

"பொய்தான்க்கா" என்றார் பிச்சைமுத்து. "ரவிக்கத் துணிக்குக் கடல் தெரியுமா? நாங்க கண்ணால பாத்தோம்ல. அண்ணே, நீங்க சொல்லுங்க, கட்டா இல்லியா?"

இந்த இடத்தில் அப்பாவு "ஆமா, பொய்தான்" என்று சொன்னதாக ஒரு பிரதியில் எழுதிப் பார்த்தேன். அப்போதும் ஒருவரும் நம்பவில்லை. பெண்டாட்டிக்குப் பயந்து சொல்கிறார் என்றார்கள். கதையை உண்மையால் அவிழ்க்க முடியாது என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? சன்னாசி தோட்டத்துப் பக்கம்தான் நின்றான். மூன்றாவது முடிவும் போயிற்று. பேனாவை வைத்துவிட்டு ஒரு டீ போடப் போனேன்.

10

திரும்பி வந்தபோது இருளாயி செருப்பைக் கழற்றியிருந்தாள்.

இதை நான் எழுதத் திட்டமிடவில்லை. அவள் கட்டை நம்புகிறவள். போன வாரம் தண்ணீரில் விரல் நுனி படாமல் நின்றவள். இப்போது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சாமி பேரை முணுமுணுத்துக்கொண்டு, ஓடையில் இறங்கினாள். கரையில் ஒரு பெண் "அடியே, வேணாம்டி" என்றாள். இருளாயி நிற்கவில்லை. முழங்கால் தண்ணீர், பிறகு தொடைத் தண்ணீர், பிறகு மேடு. அப்பாவுவைத் தாண்டி நடந்து சன்னாசி பக்கத்தில் போய் நின்று திரும்பிப் பார்த்தாள்.

சன்னாசிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஏன் வந்த? வேல போச்சேடி. மாட்டிக்கிட்டியே."

"தெரிஞ்சுதான் வந்தேன்" என்றாள் இருளாயி. மண்ணில் உட்கார்ந்தாள், பையை மடியில் வைத்துக்கொண்டாள், கண்ணைக் கசக்கி நாலு பக்கமும் பார்த்தாள்.

"எனக்கும் தெரியுது" என்றாள். "தண்ணி."

கரையில் எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள்.

பிறகு இருளாயி வீரம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "அக்கா, எனக்குக் கருவாடு ஆகாது. பருப்புக் கொழம்பு இருந்தாப் போதும்."

வீரம்மா சிரித்துவிட்டாள். அப்பாவு சிரிக்கவில்லை. அவர் மனம் கணக்குப் போடும் முன்னமே கண் ஓடைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அங்கே முன்வரிசையில் நின்றவர்கள், வீடில்லாதவர்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கிழவர் கைலியை மடித்துக் கட்டினார். அவருக்குப் பக்கத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி குனிந்து செருப்பைக் கழற்றத் தொடங்கினாள். பட்டினி போடக் கூடாது, இழுத்து வெளியேற்றக் கூடாது. சட்டம் போட்டவர் கரைமேட்டில் நின்றுகொண்டிருந்தார்.

அப்பாவு வாயைத் திறந்தார்.

அவர் என்ன சொன்னார் என்பதை நான் எழுதப் போவதில்லை. எழுதத் தெரியாமல் இல்லை. "போ" என்கிற ஓர் எழுத்து, அதை அவர் வாயில் வைக்க எனக்கு ஒரு நொடி ஆகாது. ஆனால் நான் வைத்தால் அது என் சொல், அவர் மனசாரச் சொன்னதாகாது. சன்னாசி மறுபடியும் கரை வரை நடந்து போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவான். அவன் அப்படித்தான், பொய்யான விடுதலைக்கு மசிய மாட்டான்.

ஆகவே அவரை உங்களிடம் விடுகிறேன். இத்தனை பக்கம் அவரோடு இருந்திருக்கிறீர்கள். மரத்தைக் கட்டிக்கொண்டு அழுததையும் பார்த்தீர்கள், சாக்கைக் கட்டிக்கொண்டே சொன்னதையும் கேட்டீர்கள். அந்த வாயிலிருந்து மனசார ஒரு சொல் வருமா, வந்தால் அது மனசால் வந்ததா, சோற்றுக் கணக்கால் வந்ததா, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம் சொன்னால் நல்லது. கைலிக்காரக் கிழவர் தண்ணீரில் இறங்கிவிட்டார், வீரம்மா கொண்டுவந்திருப்பது ஒரு சட்டிச் சோறுதான்.